ஓட்டிப் பார்க்க முன் விடையைச் சொல்லுங்கள்: தரவுத்தளச் சான்றிதழ்ப் பரீட்சைக்கு ஒரு தொடக்கம்

யாழ்ப்பாணத்தில், திருநெல்வேலிச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிளகாய்த்தூள், பனங்கட்டி, ஒடியல் மா, வடகம் எல்லாவற்றையும் பொதி கட்டி வெளியூருக்கு அனுப்பும் கடை. அவர்களுடைய வாடிக்கையாளர் அட்டவணையில் 10 பேர். ஊர் என்ற நிரலில் 4 பேருக்குக் கொழும்பு, 3 பேருக்கு வவுனியா, ஒருவருக்குத் திருகோணமலை. மற்ற இருவரின் ஊரை யாரும் பதியவில்லை. அந்தக் கட்டங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன.

இப்போது இரண்டு வினவல்கள், அதாவது அட்டவணையிடம் கேட்கும் இரண்டு கேள்விகள். கட்டளைச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். கணினியில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.

செலக்ட் * ஃப்ரொம் வாடிக்கையாளர் வெயார் ஊர் = 'கொழும்பு'

செலக்ட் * ஃப்ரொம் வாடிக்கையாளர் வெயார் ஊர் <> 'கொழும்பு'

முதலாவது ஊர் கொழும்பாக உள்ளவர்களைக் கேட்கிறது, இரண்டாவது கொழும்புக்குச் சமமில்லாதவர்களை. முதலாவது 4 நிரைகளைத் தரும். இரண்டாவது எத்தனை தரும்? மொத்தம் 10 பேர், அதில் 4 போனால் 6 என்றுதான் வாயில் வரும். ஆனால் விடை 4. ஊர் பதியப்படாத அந்த இருவரும் முதல் பட்டியலிலும் வரமாட்டார்கள், இரண்டாவதிலும் வரமாட்டார்கள்.

தரவுத்தள மேம்பாடு தொடர்பான சான்றிதழ்ப் பரீட்சைகள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கும். முதன்மைச் சாவிக்கு வரைவிலக்கணம் கேட்பது குறைவு. நாலைந்து வரிக் கட்டளை ஒன்றைத் தந்துவிட்டு, இதை ஓட்டினால் என்ன வரும், பிழைச் செய்தி வருமா, கீழே உள்ளவற்றில் எந்த இரண்டு கூற்றுகள் சரி என்று கேட்கும். ஓட்டிப் பார்க்க வழி இருக்காது. அந்தக் கட்டளையை மனதுக்குள்ளேயே ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே இந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றைத்தான்: கணினியில் ஓட்டிப் பார்க்க முன் விடையைச் சொல்லிப் பழகுங்கள்.

எந்தப் பரீட்சை?

உயர்தரத்தை நடத்தப் பரீட்சைத் திணைக்களம் இருக்கிறது. இதற்கு அப்படி ஒரே அமைப்பு கிடையாது. தரவுத்தள மென்பொருளை உருவாக்கும் நிறுவனங்களே பரீட்சையையும் நடத்திச் சான்றிதழையும் தருகின்றன. ஓரக்கிள் நிறுவனத்துக்கு 071 என்ற எண்ணில் முடியும் எஸ்கியூஎல் பரீட்சை உண்டு. எஸ்கியூஎல் என்பது மேலே பார்த்த வினவல்களை எழுதும் மொழி. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளும் ஓரக்கிளின் கையில்தான் இருக்கிறது, அதற்குத் தனிப் பரீட்சை. மைக்ரோசொஃப்ட்டிடம் டிபி என்று தொடங்கும் வரிசை இருக்கிறது: டிபி-900 தரவு பற்றிய அடிப்படை, டிபி-300 அந்த நிறுவனத்தின் மேகக்கணிமையான அசூரில் எஸ்கியூஎல் நிர்வாகம். போஸ்ட்கிரெஸ் யாருக்கும் சொந்தமில்லாத திறந்த மூல மென்பொருள். அதற்கு என்டர்பிரைஸ்டிபி என்ற நிறுவனம் சான்றிதழ் தருகிறது.

பழைய புத்தகங்களில் கவனமாக இருங்கள். அண்ணாவோ அக்காவோ படித்துவிட்டு வைத்த புத்தகம் வீட்டில் இருக்கும், அதன் அட்டையில் 70-433, 70-461 என்று ஏதாவது எண் இருக்கும். மைக்ரோசொஃப்ட்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சேர்வருக்கான அந்த 70 வரிசையில் கடைசியாக எஞ்சியிருந்தவற்றையும் 2021 ஜனவரி 31 உடன் மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. இனி அந்தப் பரீட்சையை எழுத முடியாது. ஆனால் புத்தகத்தைக் கழித்துவிட வேண்டாம். வினவல் எழுதுவது பற்றி அதில் இருப்பது இன்றைக்கும் சரி.

முதல் பரீட்சையாக எதை எடுக்கலாம் என்று கேட்டால், என் அபிப்பிராயம் ஓரக்கிளின் அந்த 071. வேலைக்குப் போகும் இடத்தில் ஓரக்கிள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அதன் பாடப்பரப்பு கிட்டத்தட்ட முழுவதும் எஸ்கியூஎல் மொழிதான். நிர்வாகம், காப்புப் பிரதி, மேகக்கணிமை என்று கவனம் சிதறாது. 1970 இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் கொட் தொடர்புநிலைத் தரவுத்தளம் என்ற எண்ணத்தைக் கட்டுரையாக வெளியிட்டார். அதை வைத்து 1974 இல் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பொய்ஸும் இந்த மொழியின் முதல் வடிவத்தை முன்வைத்தார்கள். 1986 இல் அமெரிக்கத் தர நிறுவனம் அதை நியமமாக ஏற்றுக்கொண்டது. எல்லா நிறுவனங்களின் எஸ்கியூஎல்லும் அந்த ஒரே வேரிலிருந்து வந்தது என்பதால் ஒன்றை ஒழுங்காகப் படித்தவருக்கு மற்றதற்கு மாறுவது பெரிய வேலையில்லை.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுத்தவர்களுக்குப் பாதி அத்திவாரம் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. ஈஆர் வரைபடம், மூன்றாம் நிலை வரையான இயல்பாக்கம், அந்நியச் சாவி, எளிய செலக்ட் கட்டளைகள் எல்லாம் அந்தப் பாடத்திட்டத்தில் உள்ளவை. தமிழ் மொழிமூலம் படித்தவர்கள் செய்ய வேண்டிய மேலதிக வேலை, அதே விடயங்களின் ஆங்கிலச் சொற்களோடு பழகுவது. பரீட்சை ஆங்கிலத்தில் வரும். நிறுவனங்களின் சொந்த ஆவணங்களை நாளுக்கு ஒரு பக்கம் வாசித்தாலே இது தானாகச் சரிவரும். தனியாக ஆங்கில வகுப்புக்குப் போகத் தேவையில்லை.

பாஸ்ட் பேப்பர் இல்லாத பரீட்சை

எங்கள் ஊரில் பரீட்சைக்கு ஆயத்தமாவது எப்படி என்று எல்லாருக்கும் தெரியும். ரியூட்டரியில் பாடம், வீட்டில் பாஸ்ட் பேப்பர். கடந்த பத்து வருடப் பேப்பரையும் செய்து முடித்தவர் துணிவோடு மண்டபத்துக்குள் போகலாம். உயர்தரத்துக்கு அது சரியான வழி. வினாத்தாள்கள் பரீட்சை முடிந்ததும் எல்லார் கைக்கும் வருகின்றன, புள்ளியிடல் திட்டமும் கிடைக்கிறது.

சான்றிதழ்ப் பரீட்சையில் வினாத்தாள் வெளியே வராது. எழுத உட்காரும் ஒவ்வொருவரும், வினாக்களை வெளியே சொல்லமாட்டேன் என்று உடன்பட்ட பிறகுதான் முதல் வினா திரையில் வரும். அப்படியிருக்க, உண்மையான வினாக்கள் என்று இணையத்தில் விற்கப்படும் தொகுப்புகள், டம்ப் என்று சொல்வார்களே, அவை ஒன்றில் களவாக எடுத்தவை, இல்லையென்றால் யாரோ கற்பனையில் எழுதியவை. அவற்றில் பிழையான விடைகள் தாராளமாக இருக்கும். பாவித்தது தெரியவந்தால் நிறுவனம் சான்றிதழை இரத்துச் செய்யலாம். அதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. ஒரு வினவலைப் பார்த்து ‘இதற்கு விடை பி’ என்று நினைவு வந்துவிட்டால், அந்த வினவலை யோசித்து ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு போய்விட்டது. கொழும்பில் நேர்முகத் தேர்வுக்குப் போனால் வெள்ளைப் பலகையில் ஒரு வினவல் எழுதச் சொல்வார்கள். அங்கே பி என்ற எழுத்து உதவாது. தயவுசெய்து டம்ப் பக்கம் போகாதீர்கள்.

பாஸ்ட் பேப்பரின் இடத்தில் வைக்க வேண்டியது அந்தப் பரீட்சைக்கு நிறுவனமே வெளியிடும் பாடப்பரப்புப் பட்டியல். அதை அச்சிட்டு மேசையில் ஒட்டுங்கள். ஒவ்வொரு வரியும் ஒரு வேலை. உதாரணமாக, ‘குழுக்களை ஹாவிங் மூலம் வடிகட்டுதல்’ என்று ஒரு வரி இருந்தால், அதற்கு நீங்களே சின்ன அட்டவணை ஒன்று செய்து, ஐந்தாறு வினவல்கள் எழுதி, ஒவ்வொன்றும் என்ன தரும் என்று கொப்பியின் இடப் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு ஓட்டுங்கள். வந்த விடையை வலப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் ஒன்றானால் அடுத்ததுக்குப் போங்கள். வேறானால் அங்கேதான் படிப்பு இருக்கிறது. ஏன் வேறானது என்பதை ஒரு வரியிலாவது எழுதாமல் பக்கத்தைத் திருப்பாதீர்கள்.

இந்த முறையில் இன்னொரு வசதி. பாதி வேலைக்குக் கணினி தேவையில்லை. மாரி காலத்தில் கரண்ட் போனாலும் கொப்பியும் பேனையும் போதும். மூன்று நாலு பேர் சேர்ந்தால் இன்னும் நல்லது. விறாந்தையில் இருந்து ஒருவர் வினவலை வாசிக்க, மற்றவர்கள் விடையைச் சொல்ல, ஒத்துவராத இடத்தில் வாதாடலாம். தன் விடை ஏன் சரி என்று மற்றவருக்குச் சொல்லும்போது வரும் தெளிவு தனியே படிக்கும்போது வருவதில்லை.

ஓட்டிப் பார்க்க எதுவும் வாங்க வேண்டாம். ஓரக்கிளின் ஃப்ரீஎஸ்கியூஎல் (முன்பு லைவ் எஸ்கியூஎல்) உலாவியிலேயே இலவசமாக இயங்கும். போஸ்ட்கிரெஸ் முற்றிலும் இலவசம், பழைய மடிக்கணினியிலும் சிரமமில்லாமல் ஓடும். எஸ்கியூஎல் சேர்வரின் டெவலப்பர் பதிப்பையும் படிப்பதற்கும் சோதிப்பதற்கும் காசில்லாமல் பாவிக்கலாம்.

வெறுமை என்ற பெறுமானம்

முதல் வினவலுக்கு வருவோம். அந்த இருவரும் எங்கே போனார்கள்?

அட்டவணையில் பதியப்படாத கட்டத்தை ‘நல்’ என்பார்கள். அது பூச்சியமும் அல்ல, வெற்றுச் சொல்லும் அல்ல. ‘இந்தப் பெறுமானம் என்னவென்று தெரியாது’ என்ற குறி. தெரியாத ஒன்று கொழும்புக்குச் சமமா என்று கேட்டால் ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆகவே எஸ்கியூஎல்லில் ஒரு கூற்றுக்கு உண்மை, பொய் என்ற இரண்டோடு ‘தெரியாது’ என்ற மூன்றாவது நிலையும் உண்டு. வெயார் என்ற வாசலில் உண்மை மட்டுமே உள்ளே போகும். பொய்யும் நிற்கும், தெரியாதும் நிற்கும். அதனால்தான் இரண்டு வினவலிலும் அந்த இருவரும் வெளியே நின்றுவிட்டார்கள். ‘ஊர் = நல்’ என்று எழுதினாலும் ஒரு நிரைகூட வராது. ‘ஊர் இஸ் நல்’ என்றுதான் எழுத வேண்டும்.

இதைப் புரிந்துகொண்டவர் பரீட்சையின் கணிசமான வினாக்களில் தடுமாறமாட்டார். அதனால் இதில் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அதே 10 பேர் அட்டவணையில் கவுன்ட்(*) என்றால் 10. கவுன்ட்(ஊர்) என்றால் 8, ஏனென்றால் நிரலின் பெயரைக் கொடுத்தால் வெறுமையானவை எண்ணப்படாது. கவுன்ட்(டிஸ்டிங்ட் ஊர்) என்றால் 3, அது வேறு வேறான ஊர்களை மட்டும் எண்ணும். சரி, குரூப் பை ஊர் என்று போட்டால் எத்தனை குழு வரும்? மூன்று என்று எழுதியிருந்தால் ஓட்டிப் பாருங்கள், நாலு வரும். ஒப்பிடும்போது வெறுமையும் வெறுமையும் சமமில்லை, குழுவாக்கும்போது மட்டும் வெறுமைகள் எல்லாம் ஒரே குழுவில் சேரும். இரண்டு இடத்திலும் விதி வேறு. இதை மனப்பாடம் செய்யலாம், ஆனால் கையால் ஒருமுறை செய்து பார்த்தால் மறக்காது.

அட்டவணைக்குக் கட்டுப்பாடு போடும் இடத்தில் விதி மறுபக்கம் திரும்பும். விலை > 0 என்று ஒரு செக் கட்டுப்பாடு போட்டிருக்கிறீர்கள். விலையை வெறுமையாக விட்டு ஒரு நிரையைச் சேர்த்தால் தடுக்குமா? தடுக்காது. செக் கட்டுப்பாடு பொய்யானதை மட்டுமே தடுக்கும், தெரியாததை விட்டுவிடும். வெயார் உண்மையைத் தேடுகிறது, செக் பொய்யைத் தேடுகிறது. விலை கட்டாயம் வேண்டும் என்றால் நொட் நல் என்பதையும் சேர்த்துப் போட வேண்டும்.

நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு வருவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஓரக்கிளில் வெற்றுச் சொல்லும் நல்லும் ஒன்று, எஸ்கியூஎல் சேர்வரிலும் போஸ்ட்கிரெஸிலும் அவை வேறு வேறு. ஏறுவரிசையில் அடுக்கினால் ஓரக்கிளும் போஸ்ட்கிரெஸும் வெறுமைகளைக் கடைசியில் போடும், எஸ்கியூஎல் சேர்வரும் மைஎஸ்கியூஎல்லும் முதலில் போடும். ஒரே பெறுமானம் இரண்டு தடவை வரக் கூடாது என்ற தனித்துவக் கட்டுப்பாடு உள்ள ஒரு நிரலில் எஸ்கியூஎல் சேர்வர் ஒரேயொரு வெறுமையைத்தான் அனுமதிக்கும், ஓரக்கிள் எத்தனையையும் விடும். நீங்கள் எழுதப்போவது எந்த நிறுவனத்தின் பரீட்சையோ அதன் வழக்கத்தை மட்டும் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இந்தக் குடும்பத்தில் மிகவும் கெட்டிக்காரத்தனமான வினா ஒன்று இருக்கிறது. கடையில் விற்பனை என்று இன்னொரு அட்டவணை. அதில் வாடிக்கையாளர் இலக்கம் என்ற நிரல் உண்டு. 1 முதல் 7 வரையான வாடிக்கையாளர்கள் வாங்கியிருக்கிறார்கள். கடைக்கு நேரே வந்து காசு கொடுத்து வாங்கிப்போன ஒருவருக்கும் ஒரு நிரை இருக்கிறது, அவருடைய இலக்கம் வெறுமை. ஒன்றுமே வாங்காத வாடிக்கையாளர்களைத் தேடுகிறோம்:

செலக்ட் பெயர் ஃப்ரொம் வாடிக்கையாளர் வெயார் இலக்கம் நொட் இன் (செலக்ட் வாடிக்கையாளர்_இலக்கம் ஃப்ரொம் விற்பனை)

8, 9, 10 என்று மூன்று பேர் வர வேண்டும். ஒருவரும் வரமாட்டார்கள். பிழைச் செய்தியும் வராது, அதுதான் இதிலுள்ள ஆபத்து. கணினி இதை எப்படி வாசிக்கிறது என்று பாருங்கள்: இலக்கம் 1 அல்ல, 2 அல்ல, இப்படி 7 வரை அல்ல, கடைசியில் ‘தெரியாத அந்த இலக்கமும் அல்ல’. 8 ஆம் வாடிக்கையாளருக்கு முதல் ஏழும் உண்மை. கடைசி ஒன்று தெரியாது. உண்மையும் தெரியாததும் அன்ட் மூலம் சேர்ந்தால் தெரியாது. வாசலில் நிற்பாட்டப்படுவார். அதே வினவலை நொட் எக்ஸிஸ்ட்ஸ் கொண்டு எழுதினால் மூன்று பேரும் சரியாக வருவார்கள். பரீட்சைக்காக மட்டும் சொல்லவில்லை. வேலைக்குப் போன பிறகு, அறிக்கையில் ஏன் ஒன்றும் வரவில்லை என்று தேடும் நாளிலும் இது கைகொடுக்கும்.

எழுதும் ஒழுங்கு வேறு, ஓடும் ஒழுங்கு வேறு

நாங்கள் செலக்ட் என்று தொடங்கி எழுதுகிறோம். கணினி அந்த வரியைக் கிட்டத்தட்ட கடைசியில்தான் எடுக்கிறது. முதலில் ஃப்ரொம், அதோடு அட்டவணைகளை இணைக்கும் ஜொயின். பிறகு வெயார். அப்புறம் குரூப் பை, ஹாவிங். அதற்குப் பிறகே செலக்ட். எல்லாம் முடிந்து விடையை அடுக்கும் ஓடர் பை. உள்ளே வேகத்துக்காகத் தரவுத்தளம் வேலையை வேறு ஒழுங்கில் செய்யலாம், ஆனால் விடை இந்த ஒழுங்கில் செய்தது போலத்தான் இருக்க வேண்டும்.

இந்த ஒரு ஒழுங்கு தெரிந்தால் பல விதிகளைத் தனித்தனியே பாடமாக்கத் தேவையில்லை. செலக்ட் வரியில் ‘விலை * அளவு’ என்பதற்கு ‘தொகை’ என்று பெயர் வைத்தால், வெயாரில் ‘தொகை > 5000’ என்று எழுத முடியுமா? முடியாது, வெயார் ஓடும்போது அந்தப் பெயர் இன்னும் பிறக்கவில்லை. ஓடர் பையில் எழுதலாமா? எழுதலாம், அது கடைசியில் வருகிறது. வெயாரில் கூட்டுத்தொகையைக் கேட்கலாமா? கேட்க முடியாது, குழுக்கள் இன்னும் அமையவில்லை. அதற்குத்தான் ஹாவிங். ‘இந்த வினவல் பிழைச் செய்தி தரும், ஏன்?’ என்று பரீட்சையில் வந்தால் முதலில் இந்த ஒழுங்கைக் கொண்டு சோதித்துப் பாருங்கள்.

ஜொயினிலும் இதே பார்வைதான். டிசம்பர் மாதம் வாங்கியவர்கள் 6 பேர், ஒவ்வொருவரும் ஒரு தடவை. எல்லா வாடிக்கையாளரையும் காட்ட வேண்டும், டிசம்பரில் வாங்கியிருந்தால் தொகையும் வர வேண்டும். இடப்பக்க அட்டவணையின் எல்லா நிரைகளையும் விடாமல் வைத்திருக்கும் லெஃப்ட் ஜொயின் போடுகிறோம், இடப்பக்கத்தில் வாடிக்கையாளர். டிசம்பர் என்ற நிபந்தனையை, இணைப்பு நிபந்தனையை எழுதும் ஒன் பகுதியில் வைத்தால் 10 நிரைகள் வரும், அதில் 4 பேருக்குத் தொகை வெறுமை. அதே நிபந்தனையை வெயாருக்கு மாற்றினால் 6 நிரைகள்தான். ஜொயின் முடிந்த பிறகு வெயார் ஓடுகிறது. அந்த 4 பேரில் ஒன்றுமே வாங்காத மூவருக்குத் திகதி வெறுமை, மற்றவருடைய திகதி வேறு மாதம், இரண்டும் வாசலைத் தாண்டாது. லெஃப்ட் என்று எழுதியும் சாதாரண ஜொயின் போல ஆகிவிட்டது.

ஓரக்கிள் பரீட்சைக்குப் படிப்பவர்கள் அந்த நிறுவனமே தரும் எச்ஆர் என்ற மாதிரித் தரவுத்தளத்தைக் கட்டாயம் பாவியுங்கள். ஊழியர் அட்டவணையில் 107 நிரைகள், திணைக்கள அட்டவணையில் 27. இரண்டையும் திணைக்கள இலக்கத்தால் சாதாரணமாக இணைத்தால் 106 வரும். ஊழியரை இடப்பக்கம் வைத்து லெஃப்ட் ஜொயின் போட்டால் 107. திணைக்களத்தை இடப்பக்கம் வைத்தால் 122. இரு பக்கமும் முழுதாக எடுத்தால் 123. இந்த நாலு எண்ணும் ஏன் இப்படி வருகின்றன என்று ஒருவரிடமும் கேட்காமல் கண்டுபிடியுங்கள். திணைக்களமே இல்லாத ஊழியர் ஒருவரும், ஊழியரே இல்லாத திணைக்களங்கள் சிலவும் அதற்குள் இருப்பது தெரியவரும். அன்றைக்கு ஜொயின் பாடம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

திகதி, இன்டெக்ஸ், கொமிட்

மற்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

திகதி நிரலில் நேரமும் ஒட்டியிருக்கலாம். ஓரக்கிளின் டேட் வகையில் எப்போதும் இருக்கும். டிசம்பர் 1 இலிருந்து டிசம்பர் 31 வரை என்று பிட்வீன் போட்டால், 31 ஆம் திகதி நள்ளிரவுக்குப் பிறகு, அதாவது அந்த நாள் முழுவதும் நடந்த விற்பனை விடுபடும். டிசம்பர் 1 அல்லது அதற்குப் பின், ஜனவரி 1 க்கு முன் என்று எழுதுவதே பாதுகாப்பு. இன்டெக்ஸ், அதாவது தேடலை வேகமாக்கும் சுட்டி, விடயத்திலும் இப்படி எழுதுவது உதவும். திகதி நிரலைச் சுற்றி ஒரு சார்பைப் போட்டு, அதிலிருந்து வருடத்தை மட்டும் பிரித்து ஒப்பிட்டால், அந்த நிரலில் போட்ட சாதாரண இன்டெக்ஸால் நேரே தேட முடியாது. நிரலைத் தொடாமல் எல்லைகளால் கேட்டால் முடியும்.

செய்த மாற்றத்தை நிலைநிறுத்தும் கொமிட், அதைத் திரும்பப் பெறும் ரோல்பேக் பற்றிய வினாக்களில் நிறுவன வேறுபாடு பெரிது. ஓரக்கிளில் விற்பனையைச் சேர்த்துவிட்டு, கொமிட் செய்யாமல், நடுவில் புதிய அட்டவணை உருவாக்கும் ஒரு கிரியேட் டேபிள் போட்டால் அதுவரை செய்தவை தாமாகவே கொமிட் ஆகிவிடும். பிறகு ரோல்பேக் போட்டும் பயனில்லை. மைஎஸ்கியூஎல்லிலும் அப்படியே. போஸ்ட்கிரெஸிலும் எஸ்கியூஎல் சேர்வரிலும் பரிவர்த்தனைக்குள் செய்த கிரியேட் டேபிளையே ரோல்பேக் செய்யலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே நிரையைத் தொட்டால் என்ன நடக்கும் என்பதைப் படிக்க இரண்டு சாளரங்களைத் திறந்து, ஒன்றில் மாற்றிவிட்டுக் கொமிட் செய்யாமல், மற்றதில் வாசித்துப் பாருங்கள். ஓரக்கிளிலும் போஸ்ட்கிரெஸிலும் பழைய பெறுமானம் உடனே வரும். கணினியில் நிறுவிய எஸ்கியூஎல் சேர்வரின் வழக்கமான அமைப்பில் இரண்டாவது சாளரம் காத்துக்கொண்டு நிற்கும்.

காசு, பெயர், பரீட்சை நாள்

கட்டணம் பெரும்பாலும் டொலரில்தான் நிர்ணயிக்கப்படுகிறது. 2022 இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபா வரை போனபோது, கட்டணம் கூட்டப்படாமலே பரீட்சை இங்குள்ள பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. அதனால் ஒன்று சொல்வேன்: முன்பின் பார்க்காத புது வினவல்களில் உங்கள் கொப்பியின் இரண்டு பக்கமும் பெரும்பாலும் ஒத்துவரத் தொடங்கிய பிறகே காசைக் கட்டுங்கள். மைக்ரோசொஃப்ட் தன் தளத்திலேயே இலவச மாதிரிப் பரீட்சை தருகிறது, அதை எத்தனை தடவையும் செய்யலாம். மைக்ரோசொஃப்ட்டின் உண்மையான பரீட்சையில் தேர்ச்சிக்கு 1000 இல் 700 என்று இருப்பதை நூற்றுக்கு 70 வினா சரி என்று எடுக்க வேண்டாம். வினாக்களின் கடினத்தைப் பொறுத்துச் சீராக்கப்பட்ட புள்ளி அது.

பதியும்போது பெயர் விடயத்தில் எங்கள் ஆட்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. படிவம் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று கேட்கும். எங்களுக்கோ அப்பாவின் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால், சில ஆவணங்களில் தலைப்பெழுத்து மட்டும். பரீட்சை நாளில் காட்டப்போகும் அடையாள ஆவணத்தில் பெயர் எப்படி இருக்கிறதோ, அதே எழுத்துக்கூட்டலில் படிவத்தை நிரப்புங்கள். கடவுச்சீட்டு இருந்தால் அதை வைத்தே நிரப்புவது நல்லது. பெயர் ஒத்துவராவிட்டால் உள்ளே விடாமல் திருப்பி அனுப்ப அவர்களுக்கு உரிமை உண்டு.

வீட்டிலிருந்து கமராவின் முன் எழுதுவதென்றால் அறையில் வேறு ஒருவரும் இருக்கக் கூடாது, மேசையில் ஒன்றும் இருக்கக் கூடாது, இடையில் யாரும் கதவைத் திறந்து உள்ளே வரக் கூடாது. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தாலும் பரீட்சை நிறுத்தப்படலாம், முதல் நாளே வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். கரண்ட் போனால் இணைப்பு அறாமல் இருக்க ரூட்டருக்கும் மாற்று மின்சாரம் பார்த்து வைக்க வேண்டும். பெரும் மழை பெய்யும் கார்த்திகை, மார்கழியைத் தவிர்த்துத் திகதி எடுக்க முடிந்தால் எடுங்கள்.

வினாத்தாளில் நேரம் போகும் இடம் நீளமான அட்டவணை விபரம் உள்ள வினாக்கள். முதலில் கேள்வியின் கடைசி வரியை வாசியுங்கள், எத்தனை விடைகளைத் தெரிவு செய்யச் சொல்கிறது என்று பாருங்கள். பிறகு அட்டவணைக்குப் போய், எந்த நிரலில் வெறுமை இருக்கலாம் என்று தேடுங்கள். அதற்குப் பிறகே வினவலை ஃப்ரொம்மிலிருந்து வாசியுங்கள். பிடிபடாததைக் குறியிட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள், ஒரு வினாவோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

சித்தியடையாவிட்டால் மைக்ரோசொஃப்ட்டில் 24 மணித்தியாலத்துக்குப் பிறகு இரண்டாம் தடவை எழுதலாம், அதற்கடுத்த தடவைகளுக்கு 14 நாள் இடைவெளி வேண்டும். ஓரக்கிளில் முதல் தடவைக்குப் பிறகே 14 நாள். கிடைக்கும் முடிவு அறிக்கையில் எந்தப் பகுதியில் குறைந்தது என்று இருக்கும், எந்த வினா பிழைத்தது என்று இருக்காது. மேசையில் ஒட்டிய பாடப்பரப்பில் அந்தப் பகுதிக்குரிய வரிகளைக் கோடிட்டு, அவற்றுக்கு மட்டும் புதிய அட்டவணைகள் செய்து, அந்த 14 நாளும் இடப் பக்கத்தையும் வலப் பக்கத்தையும் மறுபடி நிரப்புங்கள்.